மூக்கின் உச்சியில் ஒரு கட்டி: பெயர் சொல்லும் பொறுப்பு

ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டால் யாரும் பதறுவதில்லை. தூசி ஒத்துக்கொள்ளவில்லை, சைனஸ் தொந்தரவு என்று சொல்லி ஆவி பிடிப்பார்கள், சொட்டு மருந்து விட்டுக்கொள்வார்கள். நடுநடுவே சில்லுமூக்கு உடைந்து ரத்தம் வந்தால் பழி உடல் சூட்டின் மேல் விழும். பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கணிப்பு சரியாகவே அமைகிறது. மிகச் சிலருக்கு மட்டும், மூக்கின் கூரையில், வாசனையை உணரும் திசுவிலிருந்தே ஒரு புற்றுக்கட்டி கிளம்பியிருக்கும். ஆல்ஃபாக்டரி நியூரோபிளாஸ்டோமா என்பது அதன் மருத்துவப் பெயர். எஸ்தீசியோநியூரோபிளாஸ்டோமா என்ற பழைய பெயரும் இன்னும் அறிக்கைகளில் வருகிறது. இந்தக் கட்டுரையில் முகர்வு நரம்புக் கட்டி என்றே குறிப்பிடுகிறேன்.

பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 0.4 பேர், அதாவது இருபத்தைந்து லட்சம் பேரில் ஒருவர் என்பது மேலை நாடுகளில் கிடைத்த கணக்கு. அதே விகிதத்தை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏழு கோடிச் சொச்சத்தோடு வைத்துப் பார்த்தால், தமிழ்நாடு முழுவதிலும் ஆண்டுக்கு முப்பது பேருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் தன் பணிக்காலம் முழுவதிலும் இதை ஓரிரு முறை பார்த்தாலே அதிகம். மாவட்ட அளவிலான பரிசோதனைக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நோயியல் மருத்துவர் ஒருமுறைகூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம்.

இந்தக் கட்டி தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது உண்மை. ஆனால் தவறான பெயர் சூட்டப்படுவதைப் பற்றிய பேச்சு அதைவிடக் குறைவாகவே கேட்கிறது. வேறு கட்டிகளை இதுவென்றும், இதை வேறொன்று என்றும் எழுதிவிடுவது இந்தத் துறையில் அபூர்வமல்ல. நோயாளியின் வாழ்க்கையை அதிகமாகத் திசைதிருப்புவது தாமதத்தைவிட இந்தப் பெயர்ப் பிழைதான் என்பது என் துணிபு.

கட்டி பிறக்கும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். மூக்கின் உச்சியில், மூளைக்கும் மூக்குக்கும் நடுவே, நுண்துளைகள் நிறைந்த மெல்லிய சல்லடை எலும்பு ஒன்று உண்டு. அதன் அடிப்பகுதியிலும், நடுச்சுவரின் மேல் ஓரத்திலும், மேல் மடல் எலும்பிலும் சில சதுர சென்டிமீட்டர் அளவுக்கு முகர்வுத் திசு விரிந்திருக்கிறது. மூக்கின் மற்ற இடங்களை மூடியிருக்கும் சவ்விலிருந்து இது முற்றிலும் வேறானது. இதில் இருப்பவை நேரடியாக வெளிக்காற்றைத் தொடும் நரம்பு செல்கள். அவற்றின் வால்கள் சல்லடைத் துளைகள் வழியாக ஏறி மூளையின் முகர்வுக் குமிழுக்குள் போய்ச் சேர்கின்றன. வாசனை மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்டு ஆக்சலும் 1991-இல் கண்டறிந்தார்கள். 2004-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதனில் இவ்வகையில் செயல்படும் மரபணுக்கள் ஏறத்தாழ 400.

உடலின் மற்ற நரம்பு செல்கள் பெரும்பாலும் செத்தால் செத்ததுதான். முகர்வு செல்கள் அப்படியல்ல. காற்றிலும் கிருமியிலும் அடிபட்டு அவை மடிந்துகொண்டே இருக்க, திசுவின் அடித்தளத்திலுள்ள மூல செல்கள் வாழ்நாள் முழுவதும் புதியவற்றை உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. சுற்றிலும் தாங்கு செல்கள் நின்று அவற்றைப் பராமரிக்கின்றன. கொரோனா காலத்தில் லட்சக்கணக்கானோர் மோப்பம் இழந்தபோது வைரஸ் முதன்மையாகத் தாக்கியது நரம்பு செல்களையல்ல, இந்தத் தாங்கு செல்களையே என்று 2020-இல் ஆய்வுகள் காட்டின. புதுப்பிக்கும் ஆற்றல் எங்கே இருக்கிறதோ அங்கே பிசகும் வாய்ப்பும் இருக்கிறது. அடித்தள மூல செல்களில் ஒரு வகையில், கட்டிகளை அடக்கிவைக்கும் ஆர்.பி.1, பி53 மரபணுக்களை நீக்கி, மிக் மரபணுவைத் தூண்டிவிட்டால் எலிகளில் இதே போன்ற கட்டி உருவாகிறது என்று 2024-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் முன்நின்ற ஆய்வு வெளியானது. கட்டியின் பிறப்பிடம் எந்த செல் என்ற நூறாண்டுக் கேள்விக்குக் கிடைத்த வலுவான பதில்களில் அதுவும் ஒன்று.

நூறாண்டு என்று சொல்வது மிகையல்ல. 1924-இல் பிரான்சில் பெர்ஜே, லூக், ரிஷார் ஆகிய மூவரும் இந்தக் கட்டியை முதன்முதலாக விவரித்தார்கள். அன்றிலிருந்து இதற்கு வைக்கப்பட்ட பெயர்களைக் கணக்கெடுத்தால் ஒரு பக்கம் நிறையும். நரம்பிலிருந்து வந்ததா, மேல்தோல் செல்லிலிருந்து வந்ததா, இரண்டும் கலந்த ஒன்றிலிருந்து வந்ததா என்ற சந்தேகம்தான் அத்தனை பெயர்களுக்கும் காரணம். நடுவில் ஒரு வழிதவறலும் நடந்தது. 1996-இல் வந்த ஓர் ஆய்வு, எலும்பில் வரும் யூயிங் சார்கோமாவுக்கு உரிய மரபணு இணைப்பு முகர்வு நரம்புக் கட்டியிலும் இருப்பதாகச் சொன்னது. இரண்டும் ஒரே குடும்பம் என்ற எண்ணம் பரவியது. 1999-இலும் அதற்குப் பின்னரும் வந்த ஆய்வுகள் அந்த இணைப்பு இதில் இல்லை என்று நிறுவின. முன்பு கிடைத்த முடிவில் தவறாகப் பெயரிடப்பட்ட கட்டிகள் கலந்திருக்கக்கூடும். ஆய்வுக்கூடம் எத்தனை நுட்பமாக வேலை செய்தாலும், உள்ளே போகும் கட்டியின் பெயர் தவறானால் வெளியே வரும் முடிவும் தவறாகத்தான் இருக்கும்.

அறிகுறிகளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. அதுவே தொல்லையும்கூட. நோயாளிகளில் பெரும்பாலோர் சொல்வது ஒரு பக்க மூக்கடைப்பு. அடுத்தபடியாக மூக்கில் ரத்தம். தலைவலி, கண்ணில் நீர் வடிதல், கண் முன்தள்ளுதல், இரட்டையாகத் தெரிதல் எல்லாம் கட்டி பக்கத்து இடங்களுக்குப் பரவியபின் வருபவை. வாசனைத் திசுவிலேயே முளைக்கும் கட்டிக்கு வாசனை இழப்புதானே முதல் அறிகுறியாக இருக்க வேண்டும் என்று தோன்றும். நடப்பில் அதைப் புகாராகச் சொல்பவர்கள் குறைவு. ஒரு பக்கம் மங்கினாலும் மறுபக்கம் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. காப்பித்தூளை ஒவ்வொரு நாசியிலும் தனித்தனியாக வைத்து முகர்ந்து பார்ப்பவர் யார்? அரிதாகக் கட்டியே ஹார்மோன் சுரந்து ஆளை வேறு திசையில் அலைக்கழிப்பதும் உண்டு. ரத்தத்தில் சோடியம் குறைந்து, காரணம் தெரியாமல் பல மருத்துவர்களைப் பார்த்த பிறகு மூக்கில் கட்டி இருப்பது தெரிந்த நோயாளிகளும், முகம் ஊதி, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறி குஷிங் நோய்க்குறியோடு வந்தவர்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

முதல் அறிகுறியிலிருந்து நோய் தெரிய ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆவது வழக்கம். இதில் நோயாளியின் அலட்சியத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. மூக்குச் சதை வளர்ச்சி, ஒவ்வாமை, பூஞ்சை என்று இதே முகத்தோடு வரும் சாதாரண நோய்கள் ஏராளம். ஆனால் ஒவ்வாமையும் சாதாரணச் சதை வளர்ச்சியும் இரண்டு பக்கத்தையும் தாக்குவதே வழக்கம். ஒரு பக்கம் மட்டும், வாரக்கணக்கில், மருந்துக்கு அசையாமல் அடைத்திருந்தால் எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்ப்பதற்கு அதுவே போதுமான காரணம். ஒரு பக்கச் சதையை அறுவையில் எடுத்துவிட்டு, "வெறும் பாலிப்தான்" என்று குப்பையில் போடுவதை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க முடியாது. எடுத்தது அத்தனையும் பயாப்ஸிக்குப் போக வேண்டும்.

எண்டோஸ்கோப்பில் தெரிவது நடுச்சுவருக்கும் நடு மடலுக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஒரு சாம்பல் கலந்த இளஞ்சிவப்புத் திரட்சி. பாலிப்புக்குள்ள கண்ணாடிபோன்ற மினுமினுப்பு இதற்கு இல்லை; தொட்டால் ரத்தம் கசியும். இந்த இடத்தில் கை நீளாமல் இருப்பது முக்கியம். ஸ்கேன் எடுக்காமல் பயாப்ஸி எடுக்கக் கூடாது. மூக்கின் உச்சியில் தொங்குவது பிறவிக் குறையால் இறங்கிய மூளைத்திசுவாகவும் இருக்கலாம்; பதின்வயதுப் பையன்களுக்கு வரும் ரத்தக்குழாய்க் கட்டியாகவும் இருக்கலாம். முதலாவதைக் கிள்ளினால் மூளைநீர் கசியும். இரண்டாவதைக் கிள்ளினால் ரத்தம் நிற்காது.

சி.டி. ஸ்கேன் எலும்பைக் காட்டும், எம்.ஆர்.ஐ. மென்திசுவைக் காட்டும். இந்த நோய்க்கு இரண்டும் வேண்டும். சல்லடை எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்பதை சி.டி. சொல்லும். அடைப்பினால் சைனஸுக்குள் தேங்கிய சளி எது, கட்டி எது, மூளையுறைக்குள் நுழைந்துவிட்டதா என்பவற்றை எம்.ஆர்.ஐ. பிரித்துக் காட்டும். மூக்கிலும் மூளையிலும் பருத்து, எலும்பைக் கடக்கும் இடத்தில் இடுப்புபோல ஒடுங்கிய உருவம் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். மூளைப் பக்கமாகக் கட்டியின் விளிம்பில் நீர்ப்பைகள் தெரிந்தால் இன்னும் வலுக்கும். இருந்தும் ஸ்கேனை மட்டும் வைத்துப் பெயர் சொல்லிவிட முடியாது. நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்காகப் பயன்படும் டோட்டாடேட் பெட் ஸ்கேனிலும் இந்தக் கட்டி பெரும்பாலும் ஒளிர்கிறது. எங்கெங்கே பரவியிருக்கிறது என்று தேடுவதற்கு அது உதவும். அதே ஏற்பியைக் கொண்ட பிற கட்டிகளும் ஒளிரும் என்பதால் பெயர் சொல்லும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

அந்தப் பொறுப்பு நுண்நோக்கியின் முன் அமர்ந்திருப்பவருடையது. அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரிசிமணி அளவிலான சில துண்டுகள். இடுக்கியில் நசுங்கியிருந்தால் செல்களின் உட்கருக்கள் இழுபட்டு நீலக் கோடுகளாகிவிடும். அதிலிருந்து எந்த நிபுணராலும் எதையும் வாசிக்க முடியாது. பயாப்ஸி எடுப்பவர் மேலோட்டமாக அழுகிய பகுதியைத் தொட்டு நிறுத்தாமல், உள்ளிருந்து போதிய அளவு எடுத்து, உடனே ஃபார்மலினில் போட வேண்டும் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். இந்தக் கட்டியில் பாதி நோயறிதல் அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது.

துண்டு நன்றாக வந்திருந்தால் தெரியும் காட்சி இது. சவ்வுக்கு அடியில் சிறிய, வட்டமான, நீல நிற செல்கள் குழுக்குழுவாகக் கூடியிருக்கும். குழுக்களுக்கு நடுவே ரத்தக்குழாய்கள் மிகுந்த நார்த்திசு வேலி. செல்களுக்கு இடையில் இளஞ்சிவப்பாக, பின்னிய நூல்போன்ற நரம்பு இழைகள். சில இடங்களில் செல்கள் வட்டமாக நின்று நடுவில் அந்த இழைகளைச் சூழ்ந்திருக்கும். இவை ஹோமர் ரைட் வளையங்கள். முற்றிய கட்டிகளில் நடுவே நிஜமான துவாரத்தோடு கூடிய ஃபிளெக்ஸ்னர் வளையங்கள் தெரியலாம். அமெரிக்க ஆயுதப்படை நோயியல் நிறுவனத்தின் வின்சென்ட் ஹயம்ஸ் இந்தத் தோற்றங்களை வைத்து 1988-இல் நான்கு தரங்களை வகுத்தார். குழு அமைப்பு, இழைகள், வளையங்கள், செல் பிரிதலின் வேகம், உட்கருவின் ஒழுங்கின்மை, திசு அழுகல் முதலியவை அதன் அளவுகோல்கள். முதல் தரத்துக் கட்டியை அனுபவமுள்ளவர் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார். நான்காம் தரத்தில் குழுக்கள் கலைந்து, இழைகள் மறைந்து, நீல செல்களின் கூட்டம் மட்டுமே மிஞ்சும். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

ஏனென்றால் மூக்கில் "சிறு நீல வட்ட செல்" தோற்றம் காட்டும் கட்டிகள் ஒரு டஜனுக்குக் குறையாது. சிறு செல் நியூரோஎண்டோகிரைன் புற்று, வகைப்படுத்த முடியாத சைனஸ் புற்று, யூயிங் சார்கோமா, தசையிலிருந்து வரும் ராப்டோமயோசார்கோமா, நிறமி இல்லாத மெலனோமா, லிம்போமா என்று அந்த வரிசை நீள்கிறது. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கட்டி கீழே மூக்குக்குள் இறங்கியும் இதே வேஷம் போடும். பிரித்தறிவதற்கு இம்யூனோ சாயங்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட புரதம் இருக்கும் செல்களில் மட்டும் பழுப்பு நிறம் ஏற்றும் முறை அது. முகர்வு நரம்புக் கட்டியில் சினாப்டோஃபைசின் பரவலாகப் பழுப்பேறும். எஸ்-100 சாயத்தில் கட்டி செல்கள் வெளுத்தே இருக்க, ஒவ்வொரு குழுவின் விளிம்பிலும் மெல்லிய, கிளைவிட்ட செல்கள் மட்டும் பழுப்பாகத் தெரியும். இயல்பான திசுவின் தாங்கு செல்களை ஒத்தவை அவை. நன்றாக அமைந்த ஒரு ஸ்லைடில் அந்த விளிம்புக் கோட்டைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

ஆனால் எந்தச் சாயத்தையும் தனியாக நம்பிவிடக் கூடாது. சினாப்டோஃபைசின் நியூரோஎண்டோகிரைன் புற்றிலும் பிட்யூட்டரி கட்டியிலும் பழுப்பேறும். சிடி-56 இன்னும் மோசம்; ஒரு வகை லிம்போமாவிலும் ராப்டோமயோசார்கோமாவிலும்கூட அது ஏறும். கெராட்டின் இருந்தால் புற்று, இல்லாவிட்டால் நரம்புக் கட்டி என்ற சூத்திரமும் செல்லாது. முகர்வு நரம்புக் கட்டிகள் சிலவற்றில் அங்கங்கே கெராட்டின் தெரிகிறது. தரமேறிய கட்டியில் எஸ்-100 விளிம்பு செல்களும் அருகிவிடும். எனவே டெஸ்மின், மயோஜெனின், சிடி-45, எஸ்.ஓ.எக்ஸ்-10, பிட்யூட்டரி ஹார்மோன்கள், என்.யு.டி., ஐ.என்.ஐ.-1 என்று ஒரு முழுத் தொகுப்பையே போட்டு, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வர வேண்டும். செலவைக் குறைக்க இரண்டு சாயங்களோடு நிறுத்திக்கொண்டு பெயர் எழுதிவிடும் அறிக்கைகள் இந்த நோயில் ஆபத்தானவை.

எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்து நரம்பு அறுவை சிகிச்சைத் துறைக்கு 1998 இறுதியிலிருந்து 2000 இறுதிவரை முகர்வு நரம்புக் கட்டி என்ற பெயரோடு அனுப்பப்பட்ட 12 நோயாளிகளின் ஸ்லைடுகளை மறுபடியும் பார்த்தார்கள். 2 பேருக்கு மட்டுமே அந்தப் பெயர் உறுதியானது. மற்ற 10 பேருக்கு இருந்தவை பிட்யூட்டரி கட்டி, நியூரோஎண்டோகிரைன் புற்று, மெலனோமா, வகைப்படுத்த முடியாத சைனஸ் புற்று ஆகியவை. அவர்களில் 8 பேருக்குத் திட்டமிட்டிருந்த சிகிச்சையை வெகுவாக மாற்ற வேண்டியிருந்தது. 2002-இல் வெளியான இந்த ஆய்வு சிறியது. சிக்கலான நோயாளிகளே ஒரு பெரிய மையத்துக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பன்னிரண்டில் பத்து என்பது உறுத்துகிறது.

சிகிச்சை மாறும் விதத்தைப் பார்த்தால் அந்த உறுத்தலின் காரணம் புரியும். தரம் குறைந்த முகர்வு நரம்புக் கட்டிக்கு முதன்மைச் சிகிச்சை அறுவைதான். சல்லடை எலும்பு, அதன் மேலுள்ள மூளையுறை, தேவைப்பட்டால் முகர்வுக் குமிழ் வரை எடுத்துவிட்டு, பிறகு கதிர்வீச்சு தருவார்கள். முன்பு நெற்றியையும் முகத்தையும் திறந்து செய்த இந்த அறுவையை இப்போது பல மையங்களில் மூக்கு வழியாகவே செய்கிறார்கள். சிறு செல் புற்றுக்கும் யூயிங் சார்கோமாவுக்கும் கீமோதெரபிதான் முன்னால் வர வேண்டும். லிம்போமாவுக்கு இவ்வளவு பெரிய அறுவை தேவையே இல்லை. புரோலாக்டின் சுரக்கும் பிட்யூட்டரி கட்டியாக இருந்தால் மாத்திரையிலேயே சுருங்கக்கூடும். ஒரு மாத்திரை போதுமாக இருந்த மனிதருக்கு மூளையின் அடித்தளத்தை அறுப்பது எத்தனை பெரிய அநீதி!

மூலக்கூறு ஆய்வுகள் வந்தபிறகு படம் இன்னும் தெளிந்திருக்கிறது. டி.என்.ஏ.யின் மேல் மெத்தில் குறிகள் அமர்ந்திருக்கும் ஒழுங்கு ஒவ்வொரு வகைத் திசுவுக்கும் தனியாக இருக்கும். அதைப் படித்துக் கட்டியின் மூலத்தைச் சொல்லும் முறையை மூளைக் கட்டிகளுக்காக ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்தார்கள். டேவிட் காப்பரும் சகாக்களும் முகர்வு நரம்புக் கட்டி என்று பெயரிடப்பட்ட 66 மாதிரிகளில் அதைப் பயன்படுத்தி 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரே கூட்டமாகச் சேர்ந்தது. மற்றவை வேறு கட்டிகளின் கூட்டங்களுக்குள் போய் விழுந்தன. அவற்றில் ஒரு பகுதி ஐ.டி.எச்-2 மரபணு மாற்றம் கொண்ட சைனஸ் புற்றுகளோடு சேர்ந்தது. 2022-இல் சைனஸ் கட்டிகள் அனைத்தையும் சேர்த்து வந்த பெரிய ஆய்வும் இதே போக்கை உறுதிப்படுத்தியது. அதனால் பழைய ஆய்வுகளின் உயிர்பிழைப்புக் கணக்குகளையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டியிருக்கிறது. 2001-இல் டுல்குவெரோவும் சகாக்களும் 390 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டியபோது ஐந்தாண்டு உயிர்பிழைப்பு 45 சதவீதம் என்று வந்தது. ஹயம்ஸின் முதல் இரு தரங்களுக்கு 56, பிந்தைய இரண்டுக்கு 25. இந்தப் பிந்தைய வகுப்பில் எத்தனை பேருக்கு உண்மையில் வேறு புற்று இருந்தது என்பதை இன்று யாரும் திரும்பிப்போய்ப் பிரிக்க முடியாது.

மெத்திலேஷன் சோதனை இன்னும் சில மையங்களில்தான் கிடைக்கிறது, விலையும் அதிகம். எல்லோருக்கும் அது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாயங்களின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோதும், மூன்றாம் நான்காம் தரம் என்று எழுதப்படும்போதும், அப்படியொரு மையத்துக்கு மாதிரியை அனுப்பும் வழி திறந்திருக்க வேண்டும்.

பரவலை அளக்கும் முறை ஒப்பீட்டளவில் எளிது. 1976-இல் காடிஷ் தலைமையிலான பாஸ்டன் மருத்துவர்கள் 17 நோயாளிகளை வைத்து ஏ, பி, சி என்று வகுத்தார்கள்: மூக்குக்குள் மட்டும், சைனஸ் வரை, அதற்கும் அப்பால். கழுத்து நெறிகளுக்கோ தொலைவிலுள்ள உறுப்புகளுக்கோ பரவியவர்களுக்கு 1993-இல் மொரிட்டா டி என்ற நிலையைச் சேர்த்தார். நோய் தெரியும் நேரத்தில் கழுத்துக்குப் பரவியிருப்பது சுமார் 5 சதவீதம் பேருக்குத்தான். ஆண்டுகள் கழித்துப் பரவுவோரையும் சேர்த்தால் அது ஐந்தில் ஒருவரைத் தாண்டும். கழுத்தைக் கைவைத்துத் தடவிப் பார்ப்பதும், தேவையானால் ஸ்கேன் செய்வதும் தொடக்கத்திலேயே நடக்க வேண்டும் என்பது அதனால்தான்.

நோயாளியின் கையில் இருப்பது என்ன? அறிக்கையில் முகர்வு நரம்புக் கட்டி என்றோ, மூக்கில் சிறு நீல வட்ட செல் கட்டி என்றோ வந்தால், அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன் தலை கழுத்துக் கட்டிகளை நிறையப் பார்க்கும் மையத்தில் ஸ்லைடுகளை இன்னொரு முறை பார்க்கச் சொல்லலாம். இதைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. நல்ல மருத்துவர் தானாகவே அனுப்புவார். காகித அறிக்கையை மட்டும் கொண்டுபோனால் பயனில்லை. திசு உறைந்திருக்கும் மெழுகுக் கட்டி, பிளாக் என்பார்கள், அதுவும் ஸ்லைடுகளும் வேண்டும். ஒரு வாரம் தாமதமாகும் என்று பயப்படுகிறார்கள். பொதுவாக இந்தக் கட்டிக்கு அந்த ஒரு வாரம் பெரிதல்ல. கண் பார்வை மங்குவது போன்ற அவசரம் இருந்தால் மட்டும் மருத்துவர் வேறு முடிவெடுப்பார்.

அந்த பிளாக்கை அதன்பின்னும் பத்திரப்படுத்த வேண்டும். முகர்வு நரம்புக் கட்டி ஐந்தாண்டு முடிந்ததும் விட்டுவிடுவதில்லை. பத்தாண்டு கழிந்த பிறகும் கழுத்திலோ அதே இடத்திலோ திரும்பி வந்த நோயாளிகள் இருக்கிறார்கள். ஆகவே ஆண்டுதோறும் எண்டோஸ்கோபியும் எம்.ஆர்.ஐ.யும் கழுத்துப் பரிசோதனையும் நீண்டகாலம் தொடரும். திரும்பி வந்ததாகத் தோன்றும் கட்டி பழையதுதானா, அன்று கொடுத்த கதிர்வீச்சினால் விளைந்த புதிய புற்றா என்று ஒருநாள் பார்க்க நேர்ந்தால், பக்கத்தில் வைத்து ஒப்பிட முதல் பயாப்ஸியின் பிளாக் தேவைப்படும்.